பென்சிலில் எழுதிய வயதுகள்

வக்கீலம்மாவிடம் கேள்வி கேட்டால் பதில் வராது. திருப்பி இரண்டு கேள்விதான் வரும். "எந்த ஊர்ல? எந்தத் தேதியில?"

திண்டுக்கல் கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் நான் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு அடிக்க, நகல் எடுக்க வருகிற கூட்டத்தில் அவரும் தினம் இரண்டு தடவையாவது வந்து நிற்பார். கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் யாராவது, "மேடம், பொண்ணுக்குப் பதினேழு நடக்குது, கல்யாணம் பண்ணலாம்ல?" என்று பேச்சுவாக்கில் கேட்பார்கள். மற்ற வக்கீல்கள் என்றால் "கூடாது" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். இவர் நின்றுவிடுவார். பெண் எந்த ஊர், பிறந்த தேதி என்ன, அது பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியா, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாய்க்கு வந்தபடி சொன்ன தேதியா, மாப்பிள்ளை எங்கே இருக்கிறான்... கேட்டவர் எதற்கடா வாயைத் திறந்தோம் என்று நெளிவார். எல்லாவற்றையும் கேட்டு முடித்து, பையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்து விரித்து, விரலை வைத்துக் காட்டிவிட்டுத்தான் "கூடாது" என்பார்.

"உங்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சேக்கா. எதுக்கு ஒவ்வொரு தடவையும் புத்தகத்த எடுக்குறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் சொன்னா அது என் பேச்சும்மா. எழுத்தக் காட்டினாத்தான் அது சட்டம்."

அந்தப் பையில் சட்டப் புத்தகத்தோடு நீளமான ஒரு நோட்டும் இருக்கும். அதைத் திறந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் நாலு கட்டம். முதல் கட்டத்தில் நாட்டின் பெயர். இரண்டாவதில் சம்மத வயது, அதாவது உடலுறவுக்குத் தான் சம்மதித்ததாக ஒருவர் சொன்னால் சட்டம் அதை ஏற்றுக்கொள்ளும் வயது. மூன்றாவதில் கல்யாண வயது. நாலாவது கட்டத்தில் குறிப்பு. எல்லாமே பென்சில் எழுத்து. பதினான்கு, பதினைந்து, பதினாறு, பதினெட்டு என்று நாட்டுக்கு நாடு எண் மாறும். அமெரிக்காவுக்கு மட்டும் இரண்டு பக்கம். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வேறாம். ஜப்பானுக்கு நேரே பதிமூன்று என்று இருந்ததை ரப்பரால் அழித்துப் பதினாறு என்று அவர் எழுதியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். என் மேசையெல்லாம் ரப்பர் தூள்.

"நம்ம ஊர்க் கோர்ட்டுல வாதாடுறதுக்கு ஜப்பான் எதுக்குக்கா?"

"பிள்ளைக கையில போன் இருக்குல்ல? தட்டினா எந்த நாட்டுச் சட்டமோ வந்து நிக்குது. அதத் தன் சட்டம்னு நெனச்சுக்குறாங்க. அது எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லத் தெரியணும்ல நமக்கு?"

ஞாயிற்றுக்கிழமைகளில் வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில் விடுதிகளுக்குப் போய் அங்கே தங்கி வேலை செய்யும் பெண்களிடம் பேசுவார். நானும் சில வாரம் துணைக்குப் போயிருக்கிறேன். ஒரு விடுதியில் ஒரு பெண் எழுந்து, "பதினாறு ஆச்சுன்னா நம்ம இஷ்டந்தான்னு இதுல போட்டிருக்கே மேடம்?" என்று போனை நீட்டினாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வக்கீலம்மா சிரிக்கவில்லை. போனை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"நீ படிச்சது தப்பில்ல. ஆனா இது இங்கிலாந்துச் சட்டம். இங்க பதினெட்டு. கொஞ்ச வருசம் முன்னாடி வரைக்கும் இங்கயும் பதினாறுதான், அப்புறம் மாத்துனாங்க. வெள்ளக்காரன் காலத்துல பத்து. அதப் பன்னெண்டு ஆக்குறதுக்கே அன்னிக்கு அம்புட்டுச் சண்ட நடந்திருக்கு. எல்லா ஊர்லயும் பொம்பளப் பிள்ள ஒரே மாதிரிதான் வளருது. சட்டந்தான் ஊருக்கு ஊரு, காலத்துக்குக் காலம் வேற. நீ எங்க நிக்குற, என்னிக்கு நிக்குற, அத மொதல்ல பாரு."

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் தேடிச் சந்தில் ஒரு கதை உலாவியது. அவருக்கே பதினாலு வயதில் கட்டிவைத்துவிட்டார்களாம், அந்தக் கோபம்தானாம். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு அவரிடமே கேட்டுவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"எனக்கு இருபத்தேழுல கல்யாணம். நானே பாத்துக் கட்டுனது. எங்கப்பா அய்யலூர்ச் சந்தையில ஆட்டுத் தரகர். பல்லப் பிடிச்சுப் பாத்து ஆட்டுக்கு வயசு சொல்லுவாரு. அதுல பாதி தப்பாப் போகும்னு வீட்டுக்கு வந்து அவரே சொல்லுவாரு. அடிபட்டவதான் இதெல்லாம் பேசணுமா? படிச்சவ பேசக் கூடாதா?"

எல்லோருக்கும் அவரைப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். எனக்கே ஒரு சமயம் கோபம் வந்தது. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், கூடப் படித்த பெண்ணோடு ஓடிப்போய்க் கோயிலில் தாலி கட்டிவிட்டான். பெண்ணுக்குப் பதினெட்டு ஆக இரண்டு மாதம் குறைவு. பெண்ணின் அப்பா புகார் கொடுக்க, பையனைச் சிறையில் வைத்துவிட்டார்கள். பையனின் அம்மா என் கடை வாசலில் உட்கார்ந்து, "ரெண்டே மாசந்தானேம்மா, அந்தப் பிள்ளையும் இஷ்டப்பட்டுத்தானே வந்துச்சு" என்று அழுதாள்.

"ரெண்டு நாளா இருந்தாலும் குறைவு குறைவுதாம்மா" என்றார் வக்கீலம்மா. "சில நாட்டுல ரெண்டு பேருக்கும் வயசு கிட்டத்துல இருந்தா அதத் தனியாப் பாக்குறதுக்குச் சட்டத்துல வழி வச்சிருக்கான். இங்க அந்த வழி இல்ல. இல்லாதத இருக்குன்னு சொல்லி உங்கள ஏமாத்த மாட்டேன்."

பெற்றவளிடம் இப்படியா பேசுவது என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அந்தப் பையனுக்காக அவர்தான் ஜாமீன் மனு போட்டார். தள்ளுபடி ஆனதும் திரும்பப் போட்டார். மதுரை ஹைகோர்ட்டுக்கு அலைந்தார். பையன் வெளியே வந்த அன்று அந்த அம்மா காலில் விழப் போனபோது, "கேஸ் இன்னும் முடியல, எந்திரிங்க" என்றார். அது முடிய இன்னும் நாளாயிற்று. கடைசி வாய்தா வரை அவர் அந்தக் கேஸ் கட்டை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

இப்போது அவர் இந்த ஊரில் இல்லை. மகள் குடும்பத்தோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது சித்தையன்கோட்டைப் பக்கத்துப் பூந்தோட்ட வீடுதான். அதில் என் தப்பும் இருக்கிறது.

ஒரு பகல் பன்னிரண்டு மணி இருக்கும். முப்பது வயது சொல்லலாம், நல்ல சட்டை போட்ட ஒருவர் கடைக்கு வந்தார். மரியாதையான ஆள். வெளிநாட்டில் டிரைவராக இருப்பதாகவும் லீவில் வந்திருப்பதாகவும் சொன்னார். நாடுகளின் பெயருக்கு நேரே வயது போட்டிருந்த ஒரு பட்டியலைப் போனில் காட்டி இரண்டு நகல் கேட்டார். பிறகு முத்திரைத்தாளை நீட்டி, "ஒரு சம்மதப் பத்திரம் அடிக்கணும்க்கா" என்றார். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். இன்னாரின் மகளாகிய நான், வயது பதினாறு, சுயநினைவோடும் முழுச் சம்மதத்தோடும் என் தாய்மாமனைத் திருமணம் செய்துகொள்ள... முதலில் வெள்ளைத்தாளில் மாதிரி எடுத்தேன். அதில் ஊர்ப் பெயர் பிழையாக விழுந்திருந்தது. திருத்தி, முத்திரைத்தாளில் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார். நாளைக்கு நாற்பது காகிதம் அடிக்கிற எனக்கு இதுவும் ஒரு காகிதம், அவ்வளவுதான்.

சாயங்காலம் வந்த வக்கீலம்மா, ஏதோ எழுதிப் பார்க்கக் கழிவுத்தாள் ஒன்றை எடுத்தார். அந்த மாதிரித்தாள்தான் கையில் வந்தது. படித்தார். திருப்பி இன்னொரு முறை படித்தார்.

"இத அடிச்சது நீயா?"

"கஸ்டமர் சொன்னாருக்கா. அந்தப் பிள்ளைக்கும் சம்மதம்னு..."

"வயசு பதினாறுன்னு உன் கையால அடிச்சிருக்கியேம்மா."

அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தாளில் இருந்த ஊரைப் பார்த்துக்கொண்டே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசினார். சமூகநலத்துறை அலுவலருக்குப் பேசினார். பிறகு என்னைப் பார்த்து, "காலையில ஏழு மணிக்கு வாரேன். நீயும் வரணும்" என்றார்.

"நான் எதுக்குக்கா?"

"எழுதுனவ நீதான?"

மறுநாள் அவருடைய ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து போனேன். தென்னந்தோப்புகளைத் தாண்டிச் சம்பங்கித் தோட்டத்து நடுவில் இருந்தது அந்த வீடு. அலுவலர் ஜீப்பில் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். பெண்ணின் அப்பா பூக்கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றார். தாடிக்கொம்பு ரோட்டில் மண்டபம் பேசியாகிவிட்டது, இன்னும் நாலு நாளில் முகூர்த்தம். என் கடைக்கு வந்த அந்த மாமன், என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கினார்.

அலுவலர் சட்டத்தைச் சொல்லச் சொல்ல, மாமன் உள்ளே போய் நான் எடுத்துக் கொடுத்த நகலைக் கொண்டுவந்து நீட்டினார். ஒரு நாட்டின் பெயருக்கு நேரே மஞ்சள் கோடு போட்டிருந்தார்.

"நான் ஒண்ணும் தெரியாம வரல மேடம். நான் வேல பாக்குற நாட்டுல பதினாறு. பாத்துக்கங்க. இங்க முடியாதுன்னா அங்க கூட்டிட்டுப் போயிக் கட்டிக்கிறேன்."

அலுவலர் எரிச்சலோடு கையை உதறினார். வக்கீலம்மா மட்டும் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு, வாசலில் கிடந்த கட்டிலில் உட்கார்ந்து, தன் நோட்டைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தார். அத்தனை பேரும் காத்துக்கொண்டு நின்றோம்.

"நீங்க சொல்ற எண்ணு சரிதான் தம்பி. ஆனா இது சம்மத வயசு. கல்யாண வயசு வேற. ரெண்டும் வேறவேற சட்டம்."

"எதுவா இருந்தா என்ன? அந்த ஊர் எல்லைக்குள்ள போயிட்டா உங்க சட்டம் அங்க வருமா?"

"வரும்." புத்தகத்தை எடுத்தார். "குழந்தைத் திருமணத் தடைச் சட்டம். மொதல் பிரிவே இதுதான். எல்லாரும் தண்டன எங்க போட்டிருக்குன்னு பாப்பாங்க, மொதல் பிரிவ எவனும் படிக்க மாட்டான். நீங்களே வாசிங்க."

அந்த மனிதர் எழுத்துக்கூட்டி வாசித்தார். இந்தியாவுக்கு வெளியே இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் இது பொருந்தும் என்கிற இடத்தில் வந்து நிறுத்தினார்.

"சில சட்டம் மண்ணோட நிக்கும் தம்பி. சிலது ஆளோட கூடவே வரும். நீங்க எந்த ஊருக்கு ஏறிப் போனாலும் இது உங்க கூட வரும்."

அப்போதுதான் அந்தப் பெண் வெளியே வந்தாள். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை. கையில் மருதாணி அரைத்த விழுது அப்படியே இருந்தது. "எனக்குச் சம்மதம். நான்தான கையெழுத்துப் போட்டேன்? உங்களுக்கெல்லாம் என்ன?" என்று கத்தினாள்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. அந்தக் கையெழுத்துக்கு மேலே இருந்த வரி ஒவ்வொன்றும் நான் அடித்தது.

வக்கீலம்மா அலுவலரிடம் கேட்டுக்கொண்டு, பெண்ணைத் தோட்டத்து வரப்புக்குக் கூட்டிப் போனார். என்னையும் அலுவலரையும் தவிர வேறு யாரையும் விடவில்லை.

"மாமாவப் பிடிக்குமா உனக்கு?"

"பிடிக்கும்."

"கட்டிக்கிறதுக்கா?"

அவள் மருதாணிக் கையைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "பொறந்ததுலருந்து மாமாவுக்குத்தான் நீன்னு சொல்லித்தான் வளத்தாங்க. அப்புறம் தனியா என்னத்தப் பிடிக்குறது?" என்றாள்.

"சரி. உனக்குப் பதினெட்டு முடிய இன்னும் இருபது மாசம் இருக்கு. அதுக்கப்புறம் நீ என்ன சொன்னாலும் அதத் தடுக்க எனக்கு உரிமை இல்ல. அதுவரைக்கும் யோசி. அன்னிக்கு நானே வந்து கேக்குறேன்."

"நீங்க ஒண்ணும் வர வேணாம்" என்றாள் அவள்.

பதினெட்டு முடியும்வரை கட்டிக்கொடுக்க மாட்டேன் என்று அப்பா எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். கல்யாணம் நின்றது. நாங்கள் கிளம்பும்போது ஸ்கூட்டியின் இரண்டு டயரிலும் காற்று இல்லை. யாரோ வால்டியூபைப் பிடுங்கிவிட்டார்கள். பெண்ணின் அம்மா வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். அலுவலர் ஜீப்பில் ஏறச் சொன்னார். வக்கீலம்மா கேட்கவில்லை. "வண்டிய இங்க விட்டுட்டுப் போனா, திரும்ப வர மாட்டேன்னு நெனச்சுக்குவாங்க" என்று சொல்லி, ஆத்தூர் ரோடு வரை அந்த வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். நானும் பின்னால் தள்ளினேன்.

அதற்குப் பிறகு மாதா மாதம் அங்கே போனார். முதல் மூன்று மாதம் வீட்டுக்குள் விடவில்லை. தோட்டத்து வேலியோரம் செத்த நேரம் நின்று, பூப்பறிக்கிறவர்களிடம் பேசிவிட்டு வருவார். பதினொன்றாம் வகுப்பு விண்ணப்பத்தை வேலிக்கம்பியில் சொருகி வைத்துவிட்டு வந்தார் ஒருமுறை. அதற்கு அடுத்த முறை போனபோது பெண் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அதைச் சொன்னது அவள் அப்பாதான். ஒரு சொம்புத் தண்ணீரும் கொடுத்தாராம். மாமன் வெளிநாட்டுக்குத் திரும்பிவிட்டார். போகும்போது, "நான் காத்திருக்கேன், அவளுக்கு வயசு வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதை என்னிடம் சொன்னபோது வக்கீலம்மாவின் குரலில் குறை இல்லை. "சட்டம் கேட்டது அம்புட்டுத்தான். அவர் அதுக்குக் கட்டுப்பட்டாரு" என்றார்.

இருபது மாதம் கழித்து, அவள் பிறந்தநாளுக்கு மறுநாள் ஞாயிறு. மறுபடியும் அதே ஸ்கூட்டி, அதே ரோடு. அந்தப் பெண் வேண்டாமென்று சொல்லிவிட வேண்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டே போனேன்.

வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். ஒருவர் கையில் இருந்த போனில் மாமனின் முகம் தெரிந்தது. வக்கீலம்மா கட்டிலில் உட்கார்ந்து, அப்பாவையும் அம்மாவையும் பார்த்து, "நீங்க யாரும் எதுவும் பேசாதீங்க. நானும் பேச மாட்டேன்" என்றார். பிறகு அவளிடம், "இப்பச் சொல்லும்மா" என்றார்.

அவள் நன்றாக உயர்ந்திருந்தாள். போனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"மாமா, உங்கள எனக்குப் பிடிக்கும். ஆனா கட்டிக்கிற மாதிரி இல்ல மாமா. நான் காலேஜ் போறேன்."

போனுக்குள் மாமன் முகத்தைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது. "சரிம்மா. நல்லாப் படி" என்றார். போன் அணைந்தது.

அம்மா வக்கீலம்மாவின் பக்கம் திரும்பினாள். "இப்பச் சந்தோசமா உங்களுக்கு?"

"அவ சரின்னு சொல்லியிருந்தா, சாட்சிக் கையெழுத்துப் போடுறதுக்குப் பேனா கொண்டாந்திருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தார் வக்கீலம்மா.

திரும்பும் வழியில் ஒரு கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். இறங்கி, மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னக்கா, என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. என்ன சொல்லப் போறாளோன்னு ரெண்டு வருசமாப் பயந்துக்கிட்டே கெடந்தேன்."

"சரின்னு சொல்லியிருந்தா, நெசமாவே கையெழுத்துப் போட்டிருப்பீங்களாக்கா?"

"போட்டிருப்பேன்." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "போட்டுட்டு வீட்டுக்குப் போயி அழுதிருப்பேன்."